ஃபைனல் கட் ப்ரோவுக்காக ஒரு ஹேக்கின்டோஷ்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இருவர் மட்டுமே உள்ள ஒரு சிறிய காணொளிக் குழு. ஒருவர் படம் பிடிப்பவர், மற்றவர் தொகுப்பாளர். தொகுப்பு முழுவதும் ஆப்பிளின் காணொளித் தொகுப்பு மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோவில். கையில் இருந்தது 2015இன் பிற்பகுதியில் வந்த 27 அங்குல ஐமேக். அதில் ஆறாம் தலைமுறை இன்டெல் செயலியும் 1 டிபி ஃபியூஷன் டிரைவும் இருந்தன. அந்த ஆண்டு ஐமேக்கில் 1 டிபி ஃபியூஷன் டிரைவுக்குள் இருந்த ஃபிளாஷ் பகுதி வெறும் 24 ஜிபி. மீதியெல்லாம் சுழலும் வட்டு. 4கே காட்சிகளை அதில் போட்டு வேலை பார்ப்பது எப்படியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

வட்டை மாற்றினால் தீர்ந்துவிடும் சிக்கலாகவும் அது இல்லை. குழு அப்போது கைபேசியில் எடுத்துக்கொண்டிருந்த காட்சிகள் 10 பிட் ஹெச்இவிசி என்ற சுருக்க முறையில் இருந்தன. ஆறாம் தலைமுறை இன்டெல் செயலியின் காணொளிப் பிரிவு 8 பிட் ஹெச்இவிசியை மட்டுமே வன்பொருளில் விரிக்கும் (டீகோட் செய்யும்). 10 பிட் வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஆகவே ஒவ்வொரு பிரேமையும் செயலியின் கோர்களே விரிக்க வேண்டியிருந்தது, டைம்லைன் திக்கியது. இயங்குதளமும் மேக்ஓஎஸின் மான்டரே பதிப்போடு நின்றுவிட்டது. 2022இல் வந்த அடுத்த பதிப்பான வென்ச்சுராவுக்கு 2017 அல்லது அதற்குப் பிந்தைய ஐமேக் தேவை.

புதிய மேக் வாங்கலாமா, ஆப்பிள் அல்லாத பாகங்களைக் கொண்டு மேக்ஓஎஸ் ஓடும் மேசைக் கணினி ஒன்றை, அதாவது ஹேக்கின்டோஷை, கட்டலாமா என்ற கேள்வியோடு தொகுப்பாளர் இத்துறையில் அனுபவமுள்ள ஒருவரை அணுகினார். இந்த ஆய்வில் அவர் 'கட்டமைப்பாளர்'. ஏற்கெனவே வாங்கி வைத்த சில பாகங்களும் 27 அங்குல 4கே திரை ஒன்றும் இருந்ததால் கட்டுவது என்றே முடிவானது. அந்த முடிவு சரியா என்பதற்குப் பின்னால் வருவோம்.

உரிமம் பற்றிய தெளிவு

வேலை தொடங்கும் முன்பே இது பேசப்பட்டது. மேக்ஓஎஸ் உரிம ஒப்பந்தம் ஆப்பிள் முத்திரை கொண்ட கணினிகளில் மட்டுமே நிறுவலை அனுமதிக்கிறது. மேக்ஓஎஸ் ஏற்றிய கணினிகளை விற்ற சைஸ்டார் நிறுவனத்தின் மீது 2008 ஜூலையில் ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 2009இல் ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பும் நிரந்தரத் தடையும் வந்தன, 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தனி ஆள் ஒருவர் வீட்டில் கட்டிக்கொண்டாலும் ஒப்பந்த மீறல் ஒப்பந்த மீறல்தான். ஆப்பிளிடம் எந்த ஆதரவும் கேட்க முடியாது, எந்தப் புதுப்பிப்பிலும் எது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். இரண்டையும் தொகுப்பாளர் தெரிந்தே ஏற்றார். கணினியை விற்பதோ பிறருக்குக் கட்டிக் கொடுப்பதோ இல்லை என்பதும் அப்போதே பேசி முடிவானது.

கொண்டுவந்த பாகங்களும் நிராகரித்த காரணங்களும்

தொகுப்பாளர் கையில் இருந்தவை: பதினோராம் தலைமுறை கோர் ஐ5, அதற்கான மதர்போர்டு, என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, மடிக்கணினியிலிருந்து கழற்றிய சாம்சங் பிஎம்981 என்விஎம்இ வட்டு. விண்டோஸுக்கு இது குறைசொல்ல முடியாத கணினி. மேக்ஓஎஸுக்கு ஏறக்குறைய எதுவுமே உதவாது.

முதலில் கிராஃபிக்ஸ் கார்டு. என்விடியாவின் மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கான இயக்கி மேக்ஓஎஸின் பழைய பதிப்பான ஹை சியராவோடு முடிந்தது. அதற்குப் பிந்தைய டியூரிங், ஆம்பியர் கார்டுகளுக்கு மேக்ஓஎஸ் இயக்கி ஒருபோதும் வந்ததே இல்லை. இதற்குக் குறுக்கு வழி எதுவும் கிடையாது. படம் தெரியும், ஆனால் கிராஃபிக்ஸ் முடுக்கம் இருக்காது. ஆப்பிளின் கிராஃபிக்ஸ் இடைமுகமான மெட்டல் இல்லாமல் ஃபைனல் கட் ப்ரோ ஓடாது.

அடுத்து செயலி. பதினோராம் தலைமுறையோடு எந்த இன்டெல் மேசை மேக்கும் வெளிவரவில்லை. செயலியை வேறொன்றாகக் காட்டி ஓடவைக்கலாம். ஆனால் அதன் உள்ளமைந்த யுஹெச்டி 750 கிராஃபிக்ஸுக்கு இயக்கி இல்லை, அதனால் காணொளியை வன்பொருளில் கையாளும் இன்டெலின் குவிக் சிங்க் இல்லை. தொகுப்பு வேலைக்கு வேண்டிய முக்கியமான உறுப்பே அதுதான்.

பிஎம்981 வட்டு மேக்ஓஎஸில் கெர்னல் பேனிக் (இயங்குதளமே விழுந்துவிடுவது) தருவதற்குப் பெயர்போனது. என்விஎம்இஃபிக்ஸ் என்ற கெக்ஸ்டை (மேக்ஓஎஸ் கெர்னலோடு சேரும் துணை நிரல்) போட்டு ஓரளவு அடக்கலாம் என்று சிலர் முயல்வார்கள். தொகுப்புக் கோப்புகள் தங்கும் வட்டில் அந்தப் பரிசோதனை வேண்டாம் என்பதே கட்டமைப்பாளரின் நிலை.

இங்கே ஒரு சிறு இழுபறி. கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாமே என்று தொகுப்பாளர் கேட்டார். கேள்வி நியாயமானதே, ஆர்டிஎக்ஸை எடுத்துவிட்டால் கணினி பூட் ஆகியிருக்கும். ஆனால் குவிக் சிங்க் இல்லாத, போலி அடையாளம் கொண்ட செயலியில் ஒவ்வொரு புதுப்பிப்பும் ஒரு சூதாட்டமாகிவிடும். முதல் தொகுதிப் பாகங்கள் விண்டோஸ் கணினியாகவே விற்கப்பட்டன.

இறுதிப் பாகப் பட்டியல்

தேர்வுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது 2020இல் வந்த 27 அங்குல ஐமேக். ஆப்பிள் தானே கடைசியாக வெளியிட்ட இன்டெல் ஐமேக் அது. பத்தாம் தலைமுறைச் செயலியும் ஏஎம்டி கிராஃபிக்ஸும் கொண்டது. அதற்கு எவ்வளவு நெருக்கமாகக் கட்டுகிறோமோ அவ்வளவுக்கு ஒட்டுவேலை குறையும்.

செயலி கோர் ஐ7-10700: எட்டு கோர், பதினாறு த்ரெட். மதர்போர்டு இசட்490 சிப்செட், மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு. அதில் குறிப்பாகத் தேடிப் பார்த்தவை இரண்டு. ஈதர்நெட் சிப் இன்டெல் ஐ219-வியாக இருக்க வேண்டும், ஏனென்றால் இன்டெல்மௌசி என்ற ஒரே கெக்ஸ்டில் அது வேலை செய்யும். அதே சிப்செட் கொண்ட பல போர்டுகளில் உள்ள 2.5 கிகாபிட் ஐ225-வி சிப்புக்கு ஒவ்வொரு மேக்ஓஎஸ் பதிப்பிலும் வெவ்வேறு வைத்தியம் தேவைப்படும். ஒலிச் சிப் ஏஎல்சி1200. அது ஆப்பிள்ஏஎல்சி கெக்ஸ்ட்டின் ஆதரவுப் பட்டியலில் உள்ளது.

கிராஃபிக்ஸ் கார்டு ரேடியான் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. மேக்ஓஎஸ் 12.1 முதல் இதற்கு ஆப்பிளின் சொந்த இயக்கி உண்டு. எண்ணில் பெரிதாக இருக்கிறதே என்று 6700 எக்ஸ்டி வாங்கி மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். அந்தச் சிப்புக்கு மேக்ஓஎஸில் இயக்கி இல்லை. 6650 எக்ஸ்டிக்கு அடையாள எண்ணை மாற்றிக் காட்ட வேண்டும். 7000 தொடர் முழுவதுமே ஆகாது.

நினைவகம் 16 ஜிபி இரண்டு, டிடிஆர்4. வட்டு 1 டிபி டபிள்யூடி பிளாக் எஸ்என்750. மான்டரே முதல் சாம்சங் என்விஎம்இ வட்டுகள் பலவற்றில் டிரிம் பணி (பயன்படாத இடத்தை வட்டுக்குத் தெரிவிப்பது) மிக மெதுவாக நடந்து, பூட் ஆகும் நேரத்தைக் கூட்டுகிறது. அதைத் தவிர்க்கவே இந்தத் தேர்வு. வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஃபென்வி டி919. அதில் இருக்கும் பிராட்காம் பிசிஎம்94360சிடி, ஆப்பிள் தன் கணினிகளில் பயன்படுத்திய அதே அட்டை. கம்பியில்லாமல் கோப்பு அனுப்பும் ஆப்பிளின் ஏர்டிராப் வேண்டும் என்று தொகுப்பாளர் சொன்னதால்தான் இது சேர்ந்தது. அந்த ஒரு வசதிக்குப் பிற்பாடு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பது கீழே வருகிறது.

மின்வழங்கி 550 வாட். ஐ7-10700 பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் குறுகிய நேர உச்ச வரம்பு 224 வாட். கிராஃபிக்ஸ் கார்டு 132 வாட். கூட்டினால் 356. மற்றவற்றுக்கும் சேர்த்து 550 தாராளம். செயலியோடு வரும் சிறிய விசிறி போதாது, டவர் குளிர்விப்பான் பொருத்தப்பட்டது. காணொளி ஏற்றுமதி நீண்ட நேர முழுச் சுமை என்பதை மறந்துவிடக் கூடாது.

பயாஸும் பென்டிரைவும்

மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அணைத்தவை: ஃபாஸ்ட் பூட், செக்யூர் பூட், சிஎஸ்எம், சிஎஃப்ஜி லாக். இயக்கியவை: அபவ் 4ஜி டீகோடிங், எக்ஸ்ஹெச்சிஐ ஹேண்ட்ஆஃப், உள்ளமைந்த கிராஃபிக்ஸ், சாட்டா துறையில் ஏஹெச்சிஐ முறை. டிவிஎம்டி நினைவகம் 64 எம்பி. விடி-டியை அணைக்காமல், மேக் அல்லாத கணினியில் மேக்ஓஎஸைத் தொடங்கிவைக்கும் ஓப்பன்கோரில் டிசேபிள்ஐஓமேப்பர் என்ற அமைப்பால் சமாளித்தார்கள். ரீசைசபிள் பார் அணைந்த நிலையிலேயே விடப்பட்டது.

சிஎஃப்ஜி லாக் பற்றி ஒரு சொல். அது பூட்டியிருந்தால் மேக்ஓஎஸ் கெர்னல் ஒரு குறிப்பிட்ட பதிவேட்டில் எழுத முயன்று அங்கேயே விழுந்துவிடும். ஆப்பிள்எக்ஸ்சிபிஎம்சிஎஃப்ஜிலாக் என்ற ஒட்டு (பேட்ச்) அதைச் சரிக்கட்டும். ஆனால் பயாஸிலேயே அணைக்கும் வசதி இருந்தால் அதுவே நல்லது. பயாஸைப் புதுப்பித்தால் இந்த அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே ஒவ்வொரு திரையையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

நிறுவல் பென்டிரைவ் பழைய ஐமேக்கிலேயே, ஆப்பிளின் சொந்த நிறுவி உருவாக்கும் கட்டளையால், 16 ஜிபி பென்டிரைவில் தயாரானது. பதிப்பு வென்ச்சுரா. பூட் கோப்புகள் தங்கும் அதன் இஎஃப்ஐ பகுதியில் ஓப்பன்கோரின் டீபக் பதிப்பு. டீபக் பதிப்பே வேண்டும். வெளியீட்டுப் பதிப்பை முதலில் போட்டால் எங்கே நின்றது என்று சொல்ல ஒரு வரிகூடத் திரையில் வராது.

கெக்ஸ்டுகள் ஐந்து: லிலு, விர்ச்சுவல்எஸ்எம்சி, வாட்எவர்கிரீன், ஆப்பிள்ஏஎல்சி, இன்டெல்மௌசி. இயக்கிகள் இரண்டு: ஹெச்எஃப்எஸ்பிளஸ், ஓப்பன்ரன்டைம். வன்பொருளை இயங்குதளத்துக்கு விவரிக்கும் ஏசிபிஐ அட்டவணைகள் மூன்று: எஸ்எஸ்டிடி-பிளக் செயலியின் மின் மேலாண்மைக்கு, எஸ்எஸ்டிடி-இசி-யுஎஸ்பிஎக்ஸ் போலி எம்படெட் கன்ட்ரோலருக்கும் யுஎஸ்பி மின்சாரத்துக்கும், எஸ்எஸ்டிடி-ஏவாக் பழைய கடிகாரத்தை மீட்க. சில நிறுவனங்களின் இசட்490 போர்டுகளுக்கு எஸ்எஸ்டிடி-ஆர்ஹெச்யுபி என்ற நான்காவது அட்டவணையும் வேண்டும். இந்த போர்டுக்கு அது தேவைப்படவில்லை. கணினியின் அடையாளம் 2020 ஐமேக்கின் மாதிரிக் குறியீடான ஐமேக்20,1. வரிசை எண் ஜென்எஸ்எம்பயாஸ் கருவியில் உருவாக்கி, அது வேறு எவருடைய உண்மையான மேக்குக்கும் உரியது அல்ல என்பதை ஆப்பிளின் உத்தரவாதச் சரிபார்ப்புப் பக்கத்தில் உறுதிசெய்தார்கள்.

வேறு யாரோ தயாரித்து வைத்த இஎஃப்ஐ தொகுப்பை இறக்கிப் போடுவதுதான் வேகமான வழி. அது வேலையும் செய்யலாம். பழுதானால் எந்த அமைப்பு எதற்காக அங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கட்டமைப்பாளர் அமைப்புகளைக் கொண்ட கான்ஃபிக் கோப்பை ஓப்பன்கோரின் மாதிரிக் கோப்பிலிருந்தே எழுதினார்.

முதல் பூட்

முதல் முயற்சி 'எக்ஸிட்பிஎஸ் ஸ்டார்ட்' என்று முடியும் வரியில் உறைந்தது. ஃபர்ம்வேர் தன் பொறுப்பை விட்டுக் கெர்னலிடம் நினைவகத்தை ஒப்படைக்கும் இடம் இது. இங்கே நின்றால் பத்துக்கு ஒன்பது முறை கோளாறு கெக்ஸ்டில் இல்லை, பூட்டர் பகுதியின் நினைவக அமைப்புகளில்தான். மாதிரிக் கோப்பில் செட்அப்விர்ச்சுவல்மேப் இயங்கு நிலையில் இருந்தது. இசட்490 போர்டுகளில் அது அணைந்திருக்க வேண்டும். கூடவே டிவர்ச்சுவலைஸ்எம்எம்ஐஓ, ரீபில்ட்ஆப்பிள்மெமரிமேப், சிங்க்ரன்டைம்பர்மிஷன்ஸ் மூன்றும் இயங்கவும், எனேபிள்ரைட்அன்புரொடெக்டர் அணையவும் வேண்டும். திருத்தியதும் அந்த இடம் கடந்தது.

அடுத்து எழுத்துகள் ஓடி முடிந்து, ஆப்பிள் சின்னம் வர வேண்டிய இடத்தில் திரை கறுத்தது. விசைப்பலகை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கணினி உயிரோடுதான் இருந்தது. ஆர்எக்ஸ் 5000, 6000 தொடர்களில் இது வழக்கமானது. ஐமேக் அடையாளத்தைப் பார்த்ததும் ஆப்பிளின் கிராஃபிக்ஸ் கொள்கைப் பகுதி, போர்டு பெயரைச் சரிபார்த்துவிட்டுத் திரைக்குப் படம் அனுப்ப மறுக்கிறது. பூட் வாதத்தில் ஏஜிடிபிமாட்=பிகேரா என்று சேர்த்ததும் படம் வந்தது. திரைக் கம்பி மதர்போர்டின் துளையில் அல்ல, கார்டின் டிஸ்ப்ளேபோர்ட்டில் செருகியிருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். உள்ளமைந்த கிராஃபிக்ஸ் திரைக்காக அல்ல, கணக்கீட்டுக்காக மட்டும் என்று அமைத்திருந்தார்கள். அதற்கான பிளாட்ஃபார்ம் எண் 0300சி89பி.

நிறுவலில் சொல்லத்தக்கது எதுவுமில்லை, ஒன்றைத் தவிர. இடையில் கணினி சில முறை தானாக மறுதொடக்கம் ஆகும். ஒவ்வொரு முறையும் பூட் பட்டியலில் மேக்ஓஎஸ் இன்ஸ்டாலர் என்ற பதிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பென்டிரைவின் நிறுவியையே மீண்டும் அழுத்திவிட்டு 'திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறது' என்பவர்கள் பலர்.

ஆப் ஸ்டோர் மறுத்தது

நிறுவல் முடிந்து ஃபைனல் கட் ப்ரோவை இறக்கப் போனபோது, இந்தக் கணினியைச் சரிபார்க்க முடியவில்லை என்ற செய்தி வந்தது. வரிசை எண்ணில் கோளாறு என்று தொகுப்பாளர் நினைத்தார், புதிய எண் உருவாக்கவும் முனைந்தார். அதைத் தடுத்து நிறுத்தியது நல்லதாயிற்று. அடிக்கடி எண்ணை மாற்றினால் ஆப்பிள் கணக்கே பூட்டப்படும் வாய்ப்பு உண்டு.

காரணம் வேறு. நிறுவலின்போது இன்டெல்மௌசி கோப்புறையில் இருந்ததே தவிர கான்ஃபிக் கோப்பில் பதிவாகவில்லை. அதனால் ஈதர்நெட் எழும்பாமல், இஎன்0 என்ற முதல் இடம் வைஃபை அட்டைக்குப் போய்விட்டது. ஆப்பிளின் சேவைகள் இஎன்0 உள்ளமைந்த இடைமுகமாக இருக்கும் என்று எதிர்பார்க்கின்றன. கெக்ஸ்டைப் பதிவு செய்து, அமைப்புக் கோப்புறையிலிருந்த நெட்வொர்க்இன்டர்ஃபேசஸ் கோப்பை நீக்கி மறுதொடக்கம் செய்ததும் ஈதர்நெட் இஎன்0 ஆனது, ஆப் ஸ்டோர் திறந்தது. முதல் உள்நுழைவை அன்றாடக் கணக்கில் செய்யாமல் தனியாக உருவாக்கிய சோதனைக் கணக்கில் செய்தார்கள். எவரும் பின்பற்றத்தக்க பழக்கம்.

ஒலிக்கு லேஅவுட் எண் 1இல் பின்புறத் துளை மட்டுமே வேலை செய்தது, 7இல் முன்புறமும் வந்தது. அதோடு ஒலி முடிந்தது.

தூங்க மறுத்த கணினி

இந்த நிகழ்வில் அதிக நேரம் தின்றது இதுதான். பெரும்பாலான ஹேக்கின்டோஷ்களிலும் அப்படித்தான். ஸ்லீப் கொடுத்தால் திரை அணையும், விசிறி நிற்கும், சில நொடிகளில் எல்லாம் திரும்ப எழுந்துவிடும். டெர்மினலில் மின் மேலாண்மைக் கட்டளையான பிஎம்செட்டின் பதிவைப் பார்த்தபோது எழுந்த காரணமாக எக்ஸ்ஹெச்சி என்று இருந்தது, அதாவது யுஎஸ்பி கன்ட்ரோலர்.

மேக்ஓஎஸ் ஒரு கன்ட்ரோலருக்கு 15 துறைகளை (போர்ட்) மட்டுமே ஏற்கும். இசட்490 சிப்செட்டில் 26 வரை இருக்கலாம்: யுஎஸ்பி 2 வேகத்துக்கு 14, யுஎஸ்பி 3 வேகத்துக்கு 10, சிறப்புப் பயனுக்கு 2. நாம் கண்ணால் பார்க்கும் ஒரு நீலத் துளை இதில் இரண்டு பதிவுகளை எடுத்துக்கொள்கிறது. வரம்பைத் தளர்த்தும் எக்ஸ்ஹெச்சிஐபோர்ட்லிமிட் ஒட்டு மேக்ஓஎஸ் 11.3 முதல் ஒழுங்காக வேலை செய்வதில்லை. வரைபடம் போடாமல் விட்டால் எந்தப் பதினைந்து கிடைக்கும் என்பது குருட்டாம்போக்கு. புளூடூத்துக்கான உள் தலைப்பு (மதர்போர்டில் உள்ள உள் இணைப்பு முனை) வெளித் துளை என்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால், தூங்கும்போது சாதனம் பிடுங்கப்பட்டதாகக் கணினி எண்ணி விழித்துக்கொள்ளும். இங்கே நடந்தது அதுவே.

தற்காலிகமாக ஒரு பழைய சாட்டா வட்டில் விண்டோஸ் போட்டு, யுஎஸ்பிடூல்பாக்ஸ் கருவியில் ஒவ்வொரு துளையிலும் ஒரு யுஎஸ்பி 2 பென்டிரைவையும் ஒரு யுஎஸ்பி 3 பென்டிரைவையும் மாறிமாறிச் செருகிப் பெயர் குறித்தார்கள். இறுதி ஒதுக்கீடு: பின்புற யுஎஸ்பி 3 துளைகள் நான்குக்கு 8 பதிவுகள், பின்புற டைப்-சி ஒன்றுக்கு 2, விசைப்பலகைக்கும் மவுசுக்குமான யுஎஸ்பி 2 துளைகளுக்கு 2, புளூடூத் தலைப்புக்கு 1, முன்புற யுஎஸ்பி 3 ஒன்றுக்கு 2. மொத்தம் 15. முன்புறத்தின் இரண்டாவது துளையும் போர்டின் வண்ண விளக்குக் கன்ட்ரோலரும் கைவிடப்பட்டன. விளக்குக்காக யாரும் வருந்தவில்லை.

துறை வகை எண்ணும் முக்கியம். யுஎஸ்பி 2 துளைக்கு 0, யுஎஸ்பி 3 துளைக்கு 3, உள் தலைப்புக்கு 255. டைப்-சியில் பென்டிரைவை இருபுறமும் திருப்பிச் செருகிப் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் ஒரே பதிவில் தெரிந்தால் 9, வெவ்வேறு பதிவில் தெரிந்தால் 10. இங்கே 9. வகை 10 ஆக இருந்திருந்தால் மூன்று பதிவுகள் செலவாகி, இன்னொரு துளையை இழக்க நேர்ந்திருக்கும்.

புளூடூத் 255 ஆனதும் கணினி தூங்கியது. ஆனாலும் நள்ளிரவில் தானாக எழும் பழக்கம் மிச்சமிருந்தது. பவர்நேப், ஸ்டேண்ட்பை, ஆட்டோபவர்ஆஃப், ப்ராக்ஸிமிட்டிவேக் நான்கையும் பிஎம்செட் கட்டளையால் 0 ஆக்கி, ஹைபர்நேட்மோடையும் 0 ஆக்கியபின் அதுவும் நின்றது.

தொகுப்பு மேசையில் விளைவு

விடிஏ சோதனைக் கருவி வன்பொருள் முடுக்கம் முழுமையாக உள்ளது என்றது. கைபேசிக் காட்சிகள், 4கே 10 பிட் ஹெச்இவிசி, முழுத் தரத்தில் தடையின்றி ஓடின. சில வாரங்கள் கணினி ஒரு குறையும் இல்லாமல் உழைத்தது. பாதுகாக்கப்பட்ட திரைப்படச் சேவைகள் சஃபாரியில் ஓடவில்லை; தொகுப்பு வேலைக்கு அது தேவையில்லை என்பதால் யாரும் அதைத் துரத்தவில்லை.

பிறகு படம் பிடிப்பவர் புதிய மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினார். அதன் கோப்புகள் 10 பிட் ஹெச்இவிசி, ஆனால் 4:2:0ஐவிட நிற விவரம் கூடுதலாக உள்ள 4:2:2. டைம்லைன் மீண்டும் திக்கியது, ஏறக்குறைய பழைய ஐமேக்கில் போலவே.

கட்டமைப்பில் கோளாறு தேடினார்கள்: கிராஃபிக்ஸ் எண்ணை மாற்றிப் பார்த்தார்கள், வாட்எவர்கிரீனைப் புதுப்பித்தார்கள், ஒன்றும் மாறவில்லை. மாறவும் வழியில்லை. பத்தாம் தலைமுறை இன்டெல் மேசைச் செயலியின் காணொளிப் பிரிவு 10 பிட் ஹெச்இவிசியை 4:2:0 வடிவில் மட்டுமே விரிக்கும். ஆர்எக்ஸ் 6600ம் அப்படியே. உண்மையான 2020 ஐமேக்கின் செயலிக்கும் இதே எல்லைதான். ஆப்பிளே வடிவமைத்த ஆப்பிள் சிலிக்கான் சிப்புகளில் 4:2:2 ஹெச்இவிசி வன்பொருளிலேயே விரிகிறது.

பாகத் தேர்வின்போது சோதனைக்குக் கொடுக்கப்பட்டவை கைபேசிக் காட்சிகள் மட்டுமே. அடுத்த ஓராண்டில் எந்தக் கேமரா வரப்போகிறது என்று எவரும் கேட்கவில்லை. இந்த நிகழ்வின் முக்கியமான தவறு அதுதான். மற்றவை அனைத்தும் திருத்தக்கூடிய அமைப்புகள்.

தீர்வாக ப்ராக்ஸி, அதாவது தொகுப்புக்கு மட்டுமான இலகுவான நகல். இறக்கும்போதே அரை அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி உருவாக்கி, அதில் தொகுத்து, ஏற்றுமதிக்கு மட்டும் மூலத்துக்குத் திரும்புவது. ப்ரோரெஸைக் கோர்களே எளிதாக விரித்துவிடும், எட்டு கோர் தாராளம். வேலை ஓடியது, ஆனால் படப்பிடிப்பு முடிந்ததும் உடனே அமரும் வழக்கம் போய், மாற்றம் முடியும்வரை காத்திருக்கும் வழக்கம் வந்தது. வட்டில் இடமும் கூடுதலாகத் தேவைப்பட்டது.

சொனோமாவும் வைஃபையும்

2023 செப்டம்பரில் மேக்ஓஎஸின் அடுத்த பதிப்பான சொனோமா வெளியானது. அறிவிப்பு வந்ததும் தொகுப்பாளர் புதுப்பிப்பை அழுத்திவிட்டார். கணினி சொனோமாவில் எழுந்தது. வைஃபை சின்னத்தில் குறுக்குக் கோடு. பழைய பிராட்காம் அட்டைகளுக்கான இயக்கியை ஆப்பிள் அந்தப் பதிப்பில் நீக்கிவிட்டிருந்தது. இந்தச் செய்தி பீட்டா காலத்திலேயே தெரிந்தது. வைஃபையோடு ஏர்டிராப்பும் போனது, புளூடூத் மட்டும் வேலை செய்தது.

மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, ஓப்பன்கோர் லெகசி பேட்சர் கொண்டு பழைய இயக்கியை அமைப்புத் தொகுதிக்குள் திணிப்பது. இதற்கு அமைப்புக் கோப்புகளைக் காக்கும் எஸ்ஐபி பாதுகாப்பைத் தளர்த்தி, செக்யூர்பூட்மாடலை அணைத்து, ஐஓஸ்கைவாக்ஃபேமிலியைத் தடுத்து, அதன் பழைய பதிப்பை ஏஎம்எஃப்ஐபாஸோடு ஏற்ற வேண்டும். அமைப்புத் தொகுதியின் முத்திரை உடைவதால் ஒவ்வொரு புதுப்பிப்பும் முழு அளவில் இறங்கும், பேட்சையும் மறுபடி போட வேண்டும். இரண்டு, இன்டெல் வைஃபை அட்டைக்கு மாறுவது. இணையம் கிடைக்கும், ஏர்டிராப் கிடைக்காது. மூன்று, வென்ச்சுராவுக்குத் திரும்புவது.

வேலை நடுவில் இருந்ததால் மூன்றாவது எடுக்கப்பட்டது. மேக்ஓஎஸ் பிக் சர் முதல் அமைப்புத் தொகுதி முத்திரையிடப்பட்டு வருவதால் பூட் ஆகும் நகல் எடுத்து வைப்பது நம்பத்தக்க வழி அல்ல. அதே பென்டிரைவால் வென்ச்சுராவைப் புதிதாக நிறுவி, டைம் மெஷினில் சொனோமாவுக்கு முந்தைய பிரதியிலிருந்து தரவை மீட்டார்கள். ஃபைனல் கட் லைப்ரரிகள் வெளி வட்டில் இருந்தன. புதிய பதிப்பில் ஒருமுறை திறந்து மேம்படுத்திய லைப்ரரியைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. நல்லவேளையாக இடைப்பட்ட நேரத்தில் எதையும் திறக்கவில்லை.

2024 நவம்பரில் வந்த ஃபைனல் கட் ப்ரோ 11 சொனோமாவைக் குறைந்தபட்சமாகக் கேட்டபோது மாற்றம் தவிர்க்க முடியாததானது. இம்முறை முறையாகச் செய்தார்கள். ஓப்பன்கோரையும் கெக்ஸ்டுகளையும் முதலில் பென்டிரைவில் மட்டும் புதுப்பித்து, கான்ஃபிக் கோப்பை ஓசிவேலிடேட் கொண்டு சரிபார்த்து, அதிலிருந்து வென்ச்சுராவை இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, பிறகுதான் வட்டின் இஎஃப்ஐயில் நகலெடுத்தார்கள். அதற்குப் பின்பே சொனோமா. வைஃபைக்கு எந்த ஒட்டும் போடவில்லை: ஈதர்நெட் கம்பி இழுக்கப்பட்டது, கைபேசிக் காட்சிகள் கம்பி வழியே இறங்கின. ஒரு அட்டைக்காக அமைப்பின் முத்திரையை உடைக்காதது, இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சரியானது எனலாம்.

இப்போதைய நிலையும் மாற்றிச் செய்யத்தக்கவையும்

கணினி சொனோமாவில் நிற்கிறது, நிலையாக ஓடுகிறது. இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு டஹோ 26 என்று 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்தது. 2020 ஐமேக் அதன் ஆதரவுப் பட்டியலில் இருப்பதால் ஐமேக்20,1 அடையாளத்தில் ஏற்ற வழியுண்டு. ஆனால் டஹோவில் ஆப்பிள்ஹெச்டிஏ இயக்கியே நீக்கப்பட்டுவிட்டதால் ஆப்பிள்ஏஎல்சி பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. மதர்போர்டு ஒலிக்குப் பதில் யுஎஸ்பி ஒலி இடைமுகம் வேண்டியிருக்கும். குழு இதற்கு மாறப்போவதில்லை.

மறுபடி இதே சூழல் வந்தால் வரிசை மாறும். பாகப் பட்டியலுக்கு முன், இப்போதுள்ள கேமராக்களும் வாங்க உத்தேசித்துள்ள கேமராக்களும் தரும் கோப்புகளின் பிட் ஆழம், நிறத் துணைமாதிரி, கோடெக் மூன்றும் தாளில் எழுதப்பட வேண்டும். அதில் 4:2:2 ஹெச்இவிசி இருந்தால் பேச்சு அங்கேயே முடிகிறது. 2023 ஜனவரியில் வந்த எம்2 மேக் மினி, 4:2:2 ஹெச்இவிசி, ப்ரோரெஸ் இரண்டையும் வன்பொருளில் விரிக்கும். இந்தக் குழுவுக்கு அப்போதே அது பொருத்தமான விடையாக இருந்திருக்கும். 4கே திரை ஏற்கெனவே இருந்தது.

கட்டியே தீர வேண்டும் என்றால் மாறுபவை சில. யுஎஸ்பி வரைபடம் நிறுவலுக்கு முன்பே விண்டோஸில் போடப்படும். இன்டெல்மௌசி கான்ஃபிக் கோப்பில் பதிவாகியுள்ளதா என்பது முதல் பூட்டுக்கு முன் பார்க்கப்படும். ஃபென்வி அட்டை வாங்கப்படாது. பெரிய பதிப்புக்கான மேம்படுத்தல் அறிவிப்பு கணினி அமைப்புகளில் முதல் நாளே அணைக்கப்படும்.

தற்போது 4:2:2 காட்சிகள் ஆப்பிள் சிலிக்கான் மேக் மினி ஒன்றில் தொகுக்கப்படுகின்றன. கட்டப்பட்ட கணினி அதற்கு அருகில் ப்ராக்ஸி மாற்றத்துக்கும் கைபேசிக் காட்சிகளுக்கும் பயன்படுகிறது. அதே கணினியில் விண்டோஸும் இரண்டாவதாக ஏற்றப்பட்டுள்ளது, அங்கே ஆர்எக்ஸ் 6600க்கு எந்த ஒட்டும் தேவையில்லை.